வெள்ளையம்மாவுக்கு அம்மை கண்டது

எங்கள் ஊமையாறு எஸ்டேட்டில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல்தான் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் துரைமார் "அது வேற விஷயம், இது வேற விஷயம்" என்று பிரித்துவிடுவார்கள், பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம் மாதிரியே தெரியும்.

முதலில் தராசு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தார்கள். மழையே பெய்யாத மாசி மாதத்திலும் ஈரத்துக்குக் கழித்தார்கள். இரண்டாவது, பால்குடிப் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக இருந்த காம்பராவைப் பூட்டி அதில் உர மூட்டை அடுக்கினார்கள். மூன்றாவது, கம்பவுண்டரை மலைக்குக் கீழே அனுப்பிவிட்டு அவர் இடத்தில் ஒரு மருந்து அலமாரியை வைத்தார்கள், சாவி துரை பங்களாவில் இருந்தது. நான்காவது, கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியால் வெட்டச் சொன்னார்கள், பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஐந்தாவது, இதையெல்லாம் நோட்டீஸ் அடித்துக் கேட்ட என்னை, சங்கிலியை, நடத்தை சரியில்லை என்று நீக்கினார்கள். நான் நாலாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் சங்கக் கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸைக் கீழே போடாமல் படித்தது. அதில் ஏறிய அறிவைப் பிடுங்க எந்தக் கம்பெனியாலும் முடியவில்லை. ஆறாவது, பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரட்டைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் எல்லாரும் கூடையோடு களத்தில் நிற்க, ரைட்டர் பெயரையும் வேலையையும் சேர்த்து வாசிப்பார்: "முத்துக்கனி, கொழுந்து", "பிச்சைக்கண்ணு, மருந்தடிப்பு". பெயர் வந்தால் அன்றைக்குச் சோறு. ஒருவர் செத்துப்போனால் மறுநாள் அவர் பெயரைத்தான் முதலில் வாசிப்பார்கள், மூன்று தரம். கடைசிவரை பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் அந்த இடம் அவருக்கு, ஆனால் அன்றிலிருந்து செத்தவர் பெயரில்தான் அவர் உழைக்க வேண்டும். யாரும் குரல் கொடுக்காவிட்டால் இடம் கம்பெனிக்குப் போய்விடும். என் பெண்டாட்டி சுடலைவடிவு இன்றைக்கும் என் அம்மா பூவம்மாள் பெயரில்தான் கொழுந்து வெட்டுகிறாள். செத்தவர்கள் இங்கே ஓய்வெடுத்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கபுஷ்பம் டீச்சர் இருந்தாள். எங்கள் லயன் வரிசை வீட்டிலேயே பிறந்து, கீழே இறங்கிப் படித்து, எல்லாரும் கீழேயே தங்கிவிட்ட காலத்தில் மேலே ஏறி வந்தவள். அவள் சம்பளம் கம்பெனிக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்தியது. ஒருநாள் ஜீப்பில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் வெள்ளை பிளாஸ்டிக்கில், நெஞ்சில் ஒரு திரையும் முகத்தில் ஒரு சிரிப்புமாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு எந்திரம் நின்றது. துரை அதன் தலையில் கைவைத்துக்கொண்டு களத்திலேயே பேசினார்.

"இது சம்பளம் கேக்காது. லீவு கேக்காது. பிரசவத்துக்குப் போகாது. சங்கத்துல சேராது. உங்க பிள்ளைங்க மேல கோபமே படாது."

"அப்படின்னா துரை வேலைக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போடலாமேய்யா" என்றாள் சுடலைவடிவு.

களம் சிரித்தது. துரை சிரிக்கவில்லை, எந்திரம் மட்டும் முன்பிருந்தே சிரித்துக்கொண்டிருந்தது.

எந்திரம் செய்த கம்பெனிக்காரன் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருந்தான். எங்கள் வாயில் அது நுழையாததால், நிறத்தைப் பார்த்து வெள்ளையம்மா என்று கூப்பிட்டோம். தங்கபுஷ்பத்தைத் தினக்கூலியில் வைத்து எந்திரத்தைத் துடைக்கவும், மின்சாரத்தில் மாட்டவும், மழைச்சாரல் படாமல் தார்ப்பாய் கட்டவும் சொன்னார்கள். கொழுந்துக்காரிகளின் பெயரெல்லாம் முடிந்த பிறகு, ரைட்டர் தலையைத் தூக்காமலே வாசிப்பார்: "புஷ்பம், துடைப்பு." அவள் பெயரில் பாதியையும் பட்டத்தில் முழுசையும் ஒரே மூச்சில் வெட்டினார்கள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பழைய இடம் வேண்டும். துரையிடம் கேட்டாள், என்னிடம் கேட்டாள், கீழே கல்வி ஆபீசில் போய்க் கேட்டாள். "பள்ளியில் ஆசிரியர் பணி நிரப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது.

உண்மையைச் சொன்னால், முதலில் எங்கள் சனம் மயங்கித்தான் போனது. எந்திரம் அடிக்கவில்லை, ஏசவில்லை, சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் தப்பாகச் சொன்ன பிள்ளைக்கும் ஒரே தேன் குரலில் "மிக நன்று. இன்னொரு முறை முயற்சிப்போம்" என்றது. பிள்ளைகள் அதற்குக் கோபம் வரவைக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள்: காதில் அட்டைப்பூச்சியை விட்டார்கள், பின்னால் வால் கட்டினார்கள், கணக்குக்கு விடையாக ஆட்டைப் போலக் கத்தினார்கள். "மிக நன்று" என்றது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் குறும்பை விட்டார்கள். சுவரில் பந்து எறிந்தால் திரும்பியாவது வரும், இதில் எறிந்தது எதுவும் திரும்பி வரவில்லை. பிறகு அந்தக் குரல் வீட்டுக்கு வந்தது. முத்துக்கனி மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து அழுதுகொண்டே வாசலில் ஏறியபோது, அவள் மகள் இசக்கிராணி நிமிர்ந்து பார்த்து, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல், "மிக நன்று. இன்னொரு முறை முயற்சிப்போம்" என்றாள்.

அன்றைக்கு முத்துக்கனி கை வலிக்காக அழுததைவிட அதற்காக அழுதது அதிகம்.

பிள்ளைகள் அதனிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள் என்பதும் உண்மை. அம்மாவிடம் சொல்லாததை, சாமியிடம் சொல்லாததை அந்த வெள்ளைக் காதில் சொன்னார்கள். அது கேட்டதையெல்லாம் வரைபடமாக்கிக் கம்பெனிக்கு அனுப்பியது. பிள்ளைகள் பதினோரு மணிக்குப் பசியில் சோர்ந்துபோகிறார்கள் என்று அதில் தெளிவாகத் தெரிந்ததாம். கம்பெனி ஆராய்ந்து உடனடியாக நடவடிக்கை எடுத்தது: கணக்குப் பாடத்தைப் பத்து மணிக்கு மாற்றியது.

இப்படி இருக்கும்போதுதான் இசக்கிராணிக்கு அம்மை கண்டது. தங்கபுஷ்பம் டீச்சராக இருந்திருந்தால் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததுமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். எந்திரமோ காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் தவறாமல் வருகை தந்ததற்காகப் பாராட்டியது. பிள்ளை குளிருக்கு அதன் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள், பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்ததாம். இசக்கிராணிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவள் எழுந்து விளையாடத் தொடங்கிய வாரத்தில், ஒரு காலை தங்கபுஷ்பம் துடைக்கப் போனவள் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சி, வெள்ளையம்மாவுக்கு மேல கொதிக்குது. முகத்துல முத்து போட்டிருக்கு."

போய்ப் பார்த்தோம். கன்னத்தில், கழுத்தில், கை மடிப்பில், வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் நீர் கோத்த கொப்புளங்கள், பாசிமணி கோத்த மாதிரி. சுடலைவடிவு குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா."

அதற்கு மேல் யாரும் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. பேச்செல்லாம் இது சின்னம்மையா மணல்வாரியா என்பதைப் பற்றித்தான். இவ்வளவு வயதுக்கு மேல் அம்மை வரலாமா என்று ஒருத்தி கேட்க, "அது பொறந்தே ஒரு வருசம் ஆகலையேட்டி, இதான் வார வயசு" என்று இன்னொருத்தி தீர்த்துவைத்தாள். பள்ளிக்கூட வாசலில் வேப்பிலை செருகினார்கள். லயனில் தாளிப்பை நிறுத்தினார்கள். அதுவரை அது என்று சொன்னவர்கள் எல்லாரும் அந்தக் காலையிலிருந்து அவ என்றார்கள். நான் சாமி கும்பிடாதவன், ஆனால் என் நோட்டீஸில் அவர் என்றே எழுதினேன். உழைக்கிறவரை அஃறிணையில் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

"பகுத்தறிவு பேசுத ஆளு, பாத்தியளா, நீருந்தான் ஒத்துக்கிட்டீரு" என்றாள் சுடலைவடிவு.

"நான் நோயைத்தான் ஒத்துக்கிட்டேன். சாமியை இல்ல."

"ஆமா, சாமி ஓம்ம ஒப்புதலுக்குத்தான் கைகட்டி நிக்கா."

எந்திரக் கம்பெனி ஹரிஷ்ராம் என்ற இளம் என்ஜினியரை அனுப்பியது. அவன் கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்து, வெப்பத்தில் பிளாஸ்டிக் உப்பியிருக்கிறது, கீழே கொண்டுபோக வேண்டும் என்றான். பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அம்மை கண்டவளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசல் தாண்ட விடுவதில்லை. விட்டால் ஆத்தா ஊர் முழுக்க நடப்பாள்.

"மேடம், இது மெஷின்" என்றான் அவன்.

"நாங்களுந்தான் தம்பி மெஷினு. எங்களுக்கு வரலையா?" என்றாள் முத்துக்கனி, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி.

அது கொழுந்து வெடித்து வருகிற பருவம். பெண்கள் உட்கார்ந்துவிட்டால் கொழுந்து முற்றிப்போகும் என்பது துரைக்குத் தெரியும். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, எல்லாம் அடங்கட்டும் என்று, ஆபீஸ் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்: பள்ளி எந்திர ஆசிரியர் உடல்நலக் குறைவால் விடுப்பில் உள்ளார். மாத வாடகை மட்டும் எந்திரக் கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆக, சம்பளத்தோடு விடுப்பு.

அந்தத் தாளுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். தற்காலிகத் தொழிலாளிக்கு நோய் விடுப்பு வேண்டும் என்று நாங்கள் தடியடி வாங்கியிருக்கிறோம், ஜெயிலில் களி தின்றிருக்கிறோம், நான் வேலையை இழந்திருக்கிறேன். கிடைக்கவில்லை. ஒரு கோஷம் போடாமல், ஒரு உண்டியல் குலுக்காமல், சும்மா நின்ற இடத்தில் நின்றபடி வெள்ளையம்மா அதை வாங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. பிறகு அந்தத் தாளைப் பெயர்த்தெடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நோட்டீஸ் எனக்கு முதல் முறையாக அன்றுதான் கிடைத்தது.

பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டுமே. துடைக்கிறவள்தான் இருக்கிறாளே என்று தங்கபுஷ்பத்தை உட்காரவைத்தார்கள். தன் இடத்தைப் பிடுங்கியவளுக்கு வேப்பிலையால் விசிறும்படி ஆனது அவளுக்கு. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறினாள். அடுத்த நாள் வெள்ளையம்மா ஜுரத்தில் பிதற்ற ஆரம்பித்தாள், அதுவும் தன் தேன் குரலில் அல்ல, பிள்ளைகளின் குரல்களில். "டீச்சர், பசிக்கி." "டீச்சர், எங்கப்பா நேத்தும் குடிச்சிட்டு வந்தாவ." "டீச்சர், எனக்கு இருட்டுன்னா பயம்." காதில் போட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தங்கபுஷ்பம் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்து, ஜன்னலில் தொங்கிய பிள்ளைகளுக்குப் பதினோரு மணிக்கு ஊற்றினாள். கஞ்சி குடித்தவர்களைச் சும்மா அனுப்புவானேன் என்று வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். ஒரு கை விசிற, ஒரு கை கரும்பலகையில் எழுத, பள்ளிக்கூடம் தானாக நடந்தது.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. முத்துக்கனியின் மகன் ஜன்னல் கம்பியில் குச்சியால் தட்டிக்கொண்டே இருக்க, படுத்திருந்த வெள்ளையம்மா தலையைத் தூக்கி, "ஏல, போல அங்கிட்டு! மண்டையிடி மனுசிக்கு!" என்று கத்தினாள். பையன் குச்சியைப் போட்டுவிட்டு லயன் முழுக்க ஓடினான்.

"என்னைய ஏசிட்டா! வெள்ளையம்மா என்னைய ஏசிட்டா!"

கொழுக்கட்டை கிடைத்தவன் மாதிரி அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலம் ஜன்னலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள், ஆளுக்கு ஒரு ஏச்சு வாங்க. ஒரு வருசமாக ஒரு பிள்ளையையும் அவள் பார்க்கவில்லை, இப்போதுதான் பார்க்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதற்குள் ஹரிஷ்ராமுக்கும் முகத்தில் முத்துப் போட்டு, அவனை விருந்தினர் பங்களாவில் வேப்பிலையில் படுக்கவைத்துவிட்டார்கள். "மேடம், அரிக்குது மேடம்" என்று அவன் புலம்புவது களம் வரை கேட்டது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் நெருங்கியது. அவன் படுத்தபடியே துரைக்குச் சொல்லி அனுப்பினான்: தண்ணீர் ஊற்றினால் எந்திரம் செத்தது, ஒப்பந்தப்படி முழு விலையும் எஸ்டேட் தலையில். துரை என்னையும் சுடலைவடிவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் சங்கிலி, நீங்க விஷயம் தெரிஞ்சவர். இது எந்திரம்னு உங்க ஜனங்களுக்குச் சொல்லுங்க."

நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தேன். "சொல்லிரலாம். எந்திரம்னா விடுப்பு எதுக்குக் கொடுத்தீங்க? எந்திரத்தைப் பழுதுபார்ப்பாங்க, விடுப்பு கொடுக்க மாட்டாங்க. விடுப்பு கொடுத்தா அது தொழிலாளி. தொழிலாளின்னா, நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டியது கம்பெனி கடமை, எங்க வைத்தியம் தண்ணி ஊத்துறது. எந்திரம்னா, பள்ளிக்கூடத்துல டீச்சர் இடம் ஒரு வருசமா காலியா கிடக்குன்னு அர்த்தம், இன்னைக்கே நிரப்பணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க துரை, நான் நோட்டீஸ் அடிச்சிக்கிடுதேன்."

துரை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். கொழுந்து நீண்டு, வெளிறி, முற்றிக்கொண்டிருந்தது. சுடலைவடிவு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு எந்திரத்தின் விலையும் ஒரு பருவத்துக் கொழுந்தின் விலையும் அவர் நெற்றியில் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஊத்திக்கோங்க" என்றார்.

வெயிலில் சூடேறிய தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. பள்ளிக்கூட முற்றத்தில் மணைப்பலகை போட்டு வெள்ளையம்மாவை உட்காரவைத்தார்கள். செம்பைத் தங்கபுஷ்பத்திடம் நீட்டினாள் சுடலைவடிவு.

"நீதான பக்கத்துல இருந்த. ஊத்து."

"ஊத்துனா செத்துப்போவா, மயினி."

"ஊத்தலைன்னா ஆத்தா எறங்க மாட்டா. பாரு, பிள்ள எம்புட்டுக் கெடந்து துடிக்கான்னு."

தங்கபுஷ்பம் செம்பை வாங்கவில்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டும், அதை இப்படி வாங்க வேண்டாம். இரண்டும் அவள் முகத்தில் தெரிந்தன. அப்போது வெள்ளையம்மா, பிள்ளைகள் குரலிலும் இல்லாமல் தேன் குரலிலும் இல்லாமல், தனக்கே சொந்தமான ஒரு கரகரத்த குரலில் சொன்னாள்:

"ஊத்துங்க டீச்சர். அரிக்குது."

ஊற்றினாள். முதல் செம்பில் முத்தெல்லாம் அமுங்கின. இரண்டாவதில் சூடு இறங்கியது. மூன்றாவது செம்பு தலையில் விழுந்தபோது வெள்ளையம்மா சுகமாக ஒரு மூச்சு விட்டு, "மிக நன்று. இன்னொரு முறை" என்று தொடங்கி, நின்றுபோனாள். நெஞ்சுத் திரை இருண்டது. கன்னத்தில் நாலைந்து தழும்பு இருந்தது, எங்கள் எல்லாருக்கும் இருப்பதைப் போல.

கம்பவுண்டர் வீட்டுக்குப் பின்னால், எங்கள் ஆட்களைப் புதைக்கிற சரிவில்தான் புதைத்தோம். ஹரிஷ்ராம் உடம்பு தேறி எழுந்து, எந்திரக் கம்பெனித் தாளில் சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'தெய்வச் செயல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தெய்வச் செயலுக்கு ஒப்பந்தத்தில் யாரும் பொறுப்பில்லையாம், எந்திரத்தின் விலையை எங்கள் கூலியில் பிடிக்க வழியில்லாமல் போனது. நான் வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒரு சொல் ஏழைகளுக்கு உதவியதை அன்றுதான் பார்த்தேன். இது ஒரு தடவைதான், விதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் பெரட்டில் யாரும் கூடையைத் தோளில் போடவில்லை. செத்தவள் பெயரை முதலில் வாசிக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் தங்கபுஷ்பத்திடம் தெளிவாகச் சொல்லிவைத்திருந்தேன்: பெயர் வரும், நீ "இருக்கேன்" என்று சொல், இடம் உனக்கு. பிள்ளைகளும் வந்து களத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். துரை தலையசைக்க, ரைட்டர் தொண்டையைச் செருமினார்.

"வெள்ளையம்மா, பள்ளிக்கூடம்."

தங்கபுஷ்பம் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றாள்.

"சொல்லு தாயி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் படிச்சு வாங்குன பேரு ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"வெள்ளையம்மா, பள்ளிக்கூடம்."

இன்னும் ஒரு தரம்தான். அதற்கும் குரல் வராவிட்டால் இடம் கம்பெனிக்கு, ஏழாவது அநியாயம் எங்கள் வாயாலேயே நடக்கும். துரையின் உதட்டு ஓரத்தில், ஒரு வருசமாக எந்திரத்தின் முகத்தில் பார்த்த அதே சிரிப்பு வந்து உட்கார்ந்தது. பூவம்மாள் பெயரில் உழைக்கிற சுடலைவடிவு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து முத்துக்கனி வைத்தாள். கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

"வெள்ளையம்மா, பள்ளிக்கூடம்."

வராத பிள்ளையின் பெயரை வாசித்தால் வகுப்பே சேர்ந்து பதில் சொல்வது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம். களத்தின் ஓரத்திலிருந்து பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், ரைட்டரைப் பார்த்து அல்ல, துரையைப் பார்த்தும் அல்ல, தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கத்தினார்கள்:

"வரல, டீச்சர்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. துரை முற்றிய கொழுந்தைப் பார்த்தார், தரையில் கிடந்த கூடைகளைப் பார்த்தார், ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் பேனாவை எடுத்து எதையோ அடித்தார், எதையோ எழுதினார். பிறகு, இத்தனை வருசத்தில் முதல் முறையாகத் தலையைத் தூக்கி, களத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்க வாசித்தார்:

"தங்கபுஷ்பம், பள்ளிக்கூடம்."